கற்பனைக் குலத்துக்கு ஒரு தலைவனைப் படைப்பது எப்படி?

கதைக்காக ஒரு குலச் சமூகத்தைப் படைப்பவர், தலைவனின் அதிகாரத்தை அவனுடைய ஆயுதத்திலிருந்து அல்ல, கொடையிலிருந்தே தொடங்க வேண்டும். பப்புவா நியூ கினியின் மவுண்ட் ஹேகன் பகுதியில், 'மோக்கா' என்னும் பரிமாற்றத்தின்போது, பெற்றதைவிடக் கூடுதலான பன்றிகளைத் திருப்பியளிப்பவரே பெரிய மனிதராக மதிக்கப்பட்டார். அந்தச் செல்வாக்கு உழைத்துச் சேர்ப்பது என்பதால், கொடை குறைந்தால் அதுவும் சரியும். ஆகவே, யார் யாருக்கு எந்த விருந்தில் எத்தனை பன்றிகள் கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்கை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். போர்க்காட்சியைவிட இந்தக் கணக்கே கதைக்கு உயிரூட்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நிலம் குலத்துக்குப் பொதுவாக இருக்கட்டும். அரும்பொருள்களுக்கு அதே நாட்டின் டிரோபிரியண்ட் தீவுகளில் உள்ள 'குலா' என்னும் பரிமாற்ற வழக்கத்தைப் பாருங்கள்: சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெண்சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் செல்கின்றன, பெற்றவர் அவற்றை நெடுங்காலம் வைத்திருக்கலாகாது. அப்படியொரு மாலையைக் கைவிட மறுப்பவனிடமிருந்து உங்கள் கதையைத் தொடங்கலாம்.