கொழும்பிலிருந்து எத்தனை மணி நேரப் பறப்பு?

விமானத் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 800ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏறத்தாழ அதுதான் நேரடி விமானத்தின் பயண நேரம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 4 மணிக்குச் சற்றுக் குறைவு. சென்னை 650 கிலோமீட்டர்தான், 1 மணி 20 நிமிடம் போதும்.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரை பறக்கும். அந்த அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தை அப்படியே கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். இரவு 1 மணிக்குக் கிளம்பி காலை 7.30க்குச் சிங்கப்பூர் என்று இருந்தால் ஆறரை மணி நேரமல்ல, நாலுதான். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. அதையும் கழித்த பிறகு 9, 10 மணி நேரம் வந்தால், சரி, நடுவில் எங்கோ இறங்கி ஏற வேண்டும். விலை மலிவாக இருப்பதும் அதனால்தான்.

டோக்கியோ போன்ற தூர வழிகளில் இந்தக் கணக்கு பிசகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேலைக்காற்று போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். குளிர்காலத்தில் இன்னும் மோசம். சிறிய புரொப்பெல்லர் விமானங்களுக்கும் பொருந்தாது.