மறுபடியும் ஏறிய எடை: அடுத்த டயட்டைத் தொடங்கும் முன்

பேலியோ, கீட்டோ, ஏழு நாள் ஜி.எம். டயட், இரவில் பழம் மட்டும், காலையில் வெந்நீரில் தேன் என்று ஒவ்வொன்றாக முயன்று, ஒவ்வொரு முறையும் நான்கைந்து கிலோ குறைந்து, சில மாதங்களில் குறைந்ததற்கும் கூடுதலாகவே ஏறிவிட்டவர்களுக்காக இந்தக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. எடையைக் குறைக்க உங்களுக்குத் தெரியும். அதைப் பல முறை செய்தும் காட்டியிருக்கிறீர்கள். குறைந்த எடையை நிறுத்தி வைப்பதற்கான ஏற்பாடுதான் அந்த டயட்டுகள் எதிலும் இருக்கவில்லை. இம்முறை வேலையை அந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும்.

எடை ஏன் திரும்புகிறது

1944–45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், நல்ல உடல்நலத்துடன் இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி மட்டுமே கொடுத்து அவர்களைக் கவனித்தார். இன்று நம்மிடையே சுற்றி வரும் பல டயட் பட்டியல்கள் இதைவிடவும் குறைவாகவே தருகின்றன. அந்த இளைஞர்கள் நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள். உடலில் சேர்ந்த கொழுப்பும் முன்பிருந்த அளவைத் தாண்டியது.

தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு, சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்ததாக 2016இல் தெரிவித்தது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வோ, பத்து வாரக் கடும் டயட் முடிந்து ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்தும், நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் தாழ்ந்தும் இருந்ததைக் காட்டியது. ஆகவே, ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று வீட்டார் சொல்லும் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் இரண்டு கிலோவைப் பற்றியும் தெளிவு வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறுகிறது. சோறு சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்புகிறது. ‘இரண்டு நாள் சோறு சாப்பிட்டேன், இரண்டு கிலோ ஏறிவிட்டது’ என்று மனமுடைந்து கைவிடுபவர்கள் பெரும்பாலும் ஏற்றியிருப்பது தண்ணீரைத்தான்.

எந்த டயட் சிறந்தது என்ற தேடலையும் இத்துடன் நிறுத்திவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் சராசரி எடையிழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நிறையக் குறைத்தவரும் இருந்தனர், எடை கூடியவரும் இருந்தனர்.

தொடங்கும் முன்

ஒரு தாளில், இதுவரை இருந்த ஒவ்வொரு டயட்டும் எப்படி முடிந்தது என்று எழுதுங்கள். எத்தனை கிலோ குறைந்தது என்பதை விட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் என்ன நடந்தது என்பதே வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தது, மலச்சிக்கல் தாங்க முடியாமல் போனது, பாதாமுக்கும் பனீருக்கும் ஆன செலவு கட்டுப்படியாகாதது, மாலையில் அலுவலகத்தில் பசித்து பஜ்ஜி வாங்கியது, குடும்பத்துக்கு ஒரு சமையலும் தனக்கு ஒரு சமையலுமாகச் செய்து களைத்தது என எதுவாகவும் இருக்கலாம். எழுதி முடித்ததும் ஒன்றிரண்டு காரணங்களே திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காண்பீர்கள். புதிய திட்டம் முதலில் அந்த ஒன்றிரண்டுக்கு விடை சொல்ல வேண்டும். எல்லோருக்கும் வத்தக்குழம்பும் அப்பளமும் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் வெள்ளரிக்காயை நறுக்கி உட்காரும் திட்டம் எந்த வீட்டிலும் நெடுநாள் நிலைப்பதில்லை.

அடுத்து, மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, மாற்று உண்டா என்று கேட்கலாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் மருத்துவருக்குத் தெரியாமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர் கீட்டோ பக்கமே போகக் கூடாது. கட்டுக்கடங்காமல் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டுப் பின் குற்றவுணர்வில் பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது போன்ற பழக்கம் இருந்தால், எடையைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து மனநல மருத்துவரை முதலில் காண்பதே முறை.

இலக்கைச் சிறிதாக வையுங்கள். இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம் போதும். 80 கிலோ இருப்பவருக்கு அது நான்கு முதல் ஐந்தரை கிலோ. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், உணவையும் நடைப்பயிற்சியையும் திருத்திக்கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களது எடையோ பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. ஆகவே எடை எந்திரத்தோடு ஓர் அளவு நாடாவையும் வாங்கி வையுங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

முதல் மாதம்: குறைக்க வேண்டாம்

பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் பல டயட்டுகளைக் கடந்து வந்தவருக்கு இதுவே சரியான தொடக்கம் என்பது என் கருத்து. முதல் நான்கு வாரங்களில் எடையைக் குறைக்க முயலாமல், ஒரு கிலோ முன்பின்னாக இருக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் மாலைச் சிற்றுண்டியையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாப்பிடுவது, இரவில் ஏழு மணி நேரமாவது தூங்குவது என்ற இரண்டே விதிகள். எந்த உணவுக்கும் தடை இல்லை. காலையில் காபியோடு நிறுத்தி, மதியம் அவசரமாக எதையோ விழுங்கி, மாலை ஐந்து மணிக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடும் ஒழுங்கு மாறாமல், அதன் மேல் எந்த டயட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் நிற்காது.

சமையலறையில் செய்யும் மாற்றம்

இரண்டாம் மாதத்தில் நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதுமானது. இதற்குத் தனிச் சமையல் தேவையில்லை.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். புதிய எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மி.லி.க்குச் சற்று மேல், அதாவது சுமார் 340 கலோரி, எண்ணெயாக மட்டுமே போகிறது. அதை மூன்று லிட்டராக்கினால் ஒவ்வொருவருக்கும் 130 கலோரிக்கு மேல் குறைந்துவிடும். யாருக்கும் டயட் இருக்கும் நினைப்பே வராது. செய்ய வேண்டியது, தூக்கிலிருந்தோ புட்டியிலிருந்தோ வாணலியில் நேராக ஊற்றும் வழக்கத்தை விட்டு, ஒரு சிறு கரண்டியை எண்ணெய்க்கென்றே ஒதுக்கி அளந்து ஊற்றுவதுதான். பொரியலுக்கு இரண்டு தேக்கரண்டியில் தாளித்து, மூடிபோட்டுச் சிறிது தண்ணீர் தெளித்து வேகவைக்கலாம். தோசையைச் சுற்றி விடும் எண்ணெயும் பொடிக்குக் குழைக்கும் நல்லெண்ணெயும் கணக்கில் சேரும். இட்லி எந்தத் தவறும் செய்யவில்லை.

அடுத்தது பரிமாறும் வரிசை. நம் வீடுகளில் முதலில் சோறு குவிக்கப்படுகிறது. காய் தொட்டுக்கொள்ள மட்டும் வருகிறது. பிறகு ரசத்துக்கு ஒரு முறை சோறு, மோருக்கு ஒரு முறை சோறு. தட்டில் பாதியைப் பொரியலும் கூட்டும் நிரப்பிய பிறகு சோற்றைப் போடுங்கள். சாம்பாரை மேலாக அள்ளாமல் அடியிலுள்ள பருப்போடு கலக்கி எடுங்கள். ரசத்தைத் தம்ளரில் குடியுங்கள். தயிரைக் கிண்ணத்தில் தனியாகச் சாப்பிடுங்கள். சோறு ஒரே சுற்றோடு முடிந்துவிடும். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறத்தாழ 350 கலோரி என்ற கணக்கில், மூன்று சுற்று ஒரு சுற்றாவது சிறிய விஷயமில்லை. சோற்றை அறவே விட வேண்டிய தேவையும் இல்லை.

பசியை நெடுநேரம் தாங்க வைப்பது புரதம். எடை குறையும்போது தசை கரையாமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலில் ஏறத்தாழ 10 கிராம், 100 கிராம் மத்தி அல்லது அயிலையில் 18 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ரசம் சாதமும் ஊறுகாயும் சேர்ந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் அது மிகக் குறைவு. மூன்று வேளையிலும் பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி, தயிர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசம் மட்டும் குடிப்பவர்கள், கொள்ளை வடித்துக் கொட்டாமல் சுண்டலாகவே சாப்பிட்டால் பலன் கூடும்.

மாலை நேரந்தான் பெரும்பாலான டயட்டுகள் உடையும் நேரம். மிக்சர், முறுக்கு போன்றவை 100 கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டால் 100 கிராம் போவது தெரியாது. டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் எடுத்து வந்து உட்காருங்கள். பக்கத்தில் சுண்டலோ வேர்க்கடலையோ இருக்கட்டும். நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 160 கலோரி.

நடையும் தசையும்

அரை மணி நேர நடையில் 70 கிலோ எடையுள்ளவர் செலவிடுவது 150 கலோரிக்கு உட்பட்டதே. நடந்து முடித்த கையோடு கடையில் ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனாலும் எடையை நிறுத்தி வைப்பதில் நடைக்கு நிகர் குறைவு. 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டுக்கும் மேலாகக் காப்பாற்றியவர்களை 1994 முதல் பதிவுசெய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டில் பெரும்பாலானோர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை இயக்குபவர்கள். வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள்.

பலமுறை டயட் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கொழுப்போடு தசையையும் இழந்திருப்பார்கள். திரும்பி ஏறியதில் கொழுப்பே அதிகம் இருந்திருக்கும். அதனால் வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி கட்டாயம். கைகளால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்குவது ஆகியவற்றை ஒவ்வொன்றும் பத்து முறையாக மூன்று சுற்று செய்தால் தொடக்கத்துக்குப் போதும். மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியின் உயரத்தைத் தலையணை போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

நடுவில் வரும் தடைகள்

வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மிக வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் அபாயமும் உண்டு. ஓட்டல் சாப்பாட்டின் உப்பு, மாதவிடாய் ஆகியவற்றால் ஓரிரு நாளில் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ ஏறி இறங்குவது இயல்பு. நான்கு வாரங்கள் தொடர்ந்து அசையாமல் நின்றால் மட்டும் எண்ணெய்த் தேதியையும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையும் மறுபடி பாருங்கள். நான்கைந்து கிலோ குறைந்ததும் நீங்களாகவே நிறுத்தி, இரண்டு மாதம் அந்த எடையிலேயே இருந்து பழகுங்கள். முந்தைய டயட்டுகளில் விடுபட்ட பாடம் இதுதான். முதல் மாதம் செய்த பயிற்சி இங்கே உதவும்.

கல்யாணச் சாப்பாட்டை இலையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அன்றிரவோ மறுநாளோ பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம்; அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. ‘என்ன இளைச்சுட்டீங்க, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பவர்களிடம் டயட் என்ற சொல்லையே எடுக்காமல் இருந்தால், ‘ஒண்ணே ஒண்ணு’ என்று இனிப்பை நீட்டும் உபசாரமும் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் செய்து ஆறு மாதமாகியும் பலன் இல்லாவிட்டால், அல்லது நீரிழிவோ தூக்கத்தில் மூச்சடைப்போ சேர்ந்திருந்தால், மருந்தையும் அறுவை சிகிச்சையையும் பற்றி மருத்துவரிடம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிர்செபடைடு, செமாகுளூடைடு ஆகிய எடைக்குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே எத்தனை காலம் எடுக்க வேண்டும், மாதச் செலவு எவ்வளவு, நிறுத்தும்போது என்ன ஏற்பாடு என்ற மூன்று கேள்விகளையும் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எந்த வழியில் குறைந்தாலும், நான்கைந்து கிலோ இறங்கியதும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறுபடி பார்த்து, எடுத்துவரும் மாத்திரைகளின் அளவை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; எழுந்து நிற்கும்போது தலைசுற்றலோ, சாப்பாட்டு நேரத்துக்கு முன் வியர்வையும் நடுக்கமுமோ தோன்றினால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது.