ஸ்போர்ட் டூரிங் பைக்கின் பின் டயர்: ஆயுளைக் குறைக்கும் தவறுகள்

பின் டயர் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துக் கணக்கு வரும். யாரும் பொய் சொல்வதில்லை. லிட்டர் கிளாஸ், அதாவது 1,000 சிசியை ஒட்டிய ஸ்போர்ட் டூரிங் பைக்கில் நல்ல டூரிங் டயர் ஒன்று 8,000 கி.மீ.யிலும் முடிந்துபோகலாம், 15,000 தாண்டியும் ஓடலாம். டயரின் பெயர் அதில் பாதிக் காரணம்கூட இல்லை. எவ்வளவு காற்று, எவ்வளவு சுமை, என்ன வேகம், எப்படிப்பட்ட ரோடு என்பவைதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. அதனால் இன்னொருவரின் ஓடோமீட்டரைப் பார்த்து உங்கள் டயரை முடிவு செய்வதுதான் முதல் தவறு.

அதன் தம்பி ஒன்று உண்டு: கம்பெனியில் போட்டு வந்த டயரை வைத்து பைக்கை எடைபோடுவது. கவாசாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். பெட்டி மாட்டி ஊர் சுற்றுவதற்கான பைக்தான், ஆனால் ஷோரூமிலிருந்து வந்தபோது அதில் இருந்தது பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22. அது வளைவில் பிடிப்புக்காகச் செய்த ஸ்போர்ட் டயர், மைலேஜுக்காகச் செய்ததல்ல. அது சீக்கிரம் தேய்ந்ததும் “இந்த வண்டி டயரைத் தின்கிறது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை மிஷெலின் ரோடு 6, மெட்செலர் ரோட்டெக் 01, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2 மாதிரி டூரிங் டயர் போட்டால் அதே வண்டி வேறு கணக்குக் காட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றின் பின் டயரில் நடுப்பகுதி ரப்பர் கெட்டியாகவும் ஓரங்கள் மென்மையாகவும் இருக்கும். நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போது தேய்வது நடுப்பகுதிதான் என்பதால் இந்த ஏற்பாடு.

சூடான டயரில் காற்றை இறக்குவது

பின் டயர்களை அதிகம் கெடுப்பது காற்றுதான். அதிலும் ஒரு குறிப்பிட்ட பழக்கம். காலையில் கிளம்பி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு பங்க்கில் நிறுத்துகிறார்கள். மெஷின் 47 பிஎஸ்ஐ காட்டுகிறது. மேனுவலில் 42 என்று போட்டிருக்கிறதே என்று 5 பிஎஸ்ஐ இறக்கிவிடுகிறார்கள். மேனுவல் சொல்லும் 42 ஆறிய டயருக்கான எண், அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளந்தது. காலையில் 30 டிகிரியில் 42 ஆக இருந்த டயர், ஓடி உள்ளே 60 டிகிரி ஆகும்போது தானாகவே 47, 48 காட்டும். அதை 42-க்கு இறக்கினால், ஆறிய பிறகு உள்ளே மிஞ்சுவது சுமார் 37.

37-ல் என்ன குடி முழுகிவிடும்? தனியாக ஊருக்குள் ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, மே மாதத்து திருச்சி நெடுஞ்சாலை என்று வந்தால் கதை வேறு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் சைடு வாலில், அதாவது பக்கச் சுவரில், அதிகம் மடங்கி விரிகிறது. அந்த மடிப்பு சூடாகிறது. சூடேறிய ரப்பர் வேகமாகத் தேய்கிறது, உள்ளே டயருக்கு எலும்புக்கூடாக இருக்கும் நூல் அடுக்கான கேசிங்கும் களைத்துப்போகிறது. டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதும் காற்றைப் பொறுத்ததுதான். 190/50 அளவு டயரில் 73டபிள்யூ என்று போட்டிருந்தால், 73 என்பது 365 கிலோ, டபிள்யூ என்பது மணிக்கு 270 கி.மீ. அந்த 365 கிலோ முழுக் காற்று இருக்கும்போது மட்டும்தான்.

காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஆறிய டயரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியதும் அதே கேஜால் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) திரும்ப அளக்கவும். ஏற்றம் பத்து சதவீதத்துக்குள், அதாவது 42-க்கு 46 வரை இருந்தால் சரி. அதைத் தாண்டி நிறைய ஏறுகிறது என்றால் ஆரம்பத்திலேயே காற்று குறைவு, டயர் மிதமிஞ்சிச் சூடாகிறது என்று பொருள். அப்போது இறக்கக் கூடாது; மறுநாள் காலை ஆறிய நிலையில் ஏற்ற வேண்டும். ஏப்ரல் மே வெயிலில் ரோடே கொதிப்பதால் ஏற்றம் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதற்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ விட்டுக்கொடுக்கலாம்; மேலே சொன்ன 47, 48 அப்படிப்பட்ட நாளின் கணக்கு. இரண்டு முறையும் ஒரே கேஜ் முக்கியம், ஏனென்றால் ஒரு பங்க் மெஷினுக்கும் அடுத்த பங்க் மெஷினுக்கும் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் சர்வ சாதாரணம். சொந்தமாக ஒரு கேஜ் பெட்டியில் கிடக்கட்டும்.

ஊட்டி, கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: மேலே போனால் காற்றை மாற்ற வேண்டுமா? தேவையில்லை. 2,200 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 3.5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அங்கே இருக்கும் குளிர் கிட்டத்தட்ட அதே அளவைக் கீழே இழுத்துவிடும். சமவெளியில் 42 வைத்து ஏறியவர் மேலே மறுநாள் காலையில் அளந்தால் 42-க்கு ஒட்டித்தான் இருக்கும். மேலே போய் இறக்கிவிட்டு அப்படியே கீழே வருகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. சைடு வாலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றுப் பிடிப்பது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் பைக்குக்கான அளவு அல்ல. கனமான பைக்குகளில் இரண்டும் 42 ஆக ஒத்துப்போவதால் இந்தக் குழப்பம் வளர்ந்தது. வெர்சிஸ் 650 மாதிரி நடுத்தர பைக்கின் பின் டயருக்கு 36 போதும். அதில் 42 வைத்தால் நடுவில் ஒரு கோடு மட்டும் ரோட்டைத் தொடும், அந்தக் கோடு சீக்கிரம் மொட்டையாகும். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் 30-ஐ ஒட்டி வைப்பதைப் பார்த்து அதை ரோட்டுக்குக் கொண்டுவருவதும் இதே வகைதான். அது வேறு டயர், வேறு வேலை. நைட்ரஜன் அடித்தால் ஆயுள் கூடும் என்பதிலும் பெரிய சாரம் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அளக்காமல் ஊகிப்பது

“இன்னும் பட்டன் (டயரின் மேல் இருக்கும் ரப்பர் திட்டுகள்) இருக்கிறதே” என்பது அளவு ஆகாது. நூறு இருநூறு ரூபாய்க்கு பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் ட்ரெட் டெப்த் கேஜ் கிடைக்கும். அதன் ஊசியை டயரின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் பள்ளத்தில் இறக்கி அளக்க வேண்டும், ஓரத்துப் பள்ளத்தில் அல்ல. சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்து குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை பிரேக் போட்டு வழுக்கியிருந்தாலும் அந்த இடம் மட்டும் தட்டையாகியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். புது டயரில் 6.5 மி.மீ. இருந்தது, 3,000 கி.மீ.யில் 5 மி.மீ. என்றால் ஆயிரத்துக்கு அரை மி.மீ. போகிறது. 2 மி.மீ. மிச்சம் இருக்கும்போது மாற்ற நினைத்தால் இன்னும் 6,000 கி.மீ. கையில் உண்டு, மொத்தம் 9,000. இது உங்கள் வண்டி, உங்கள் ரோடு, உங்கள் வலது கையின் கணக்கு. எந்த விளம்பரமும் இதைவிடச் சரியாகச் சொல்லாது.

ஏன் 2 மி.மீ.? பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு 0.8 மி.மீ. உயரம். சைடு வாலில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தால் அது தெரியும். பிரிட்டனில் பைக் டயருக்குச் சட்டப்படி 1 மி.மீ. வேண்டும், ஜெர்மனியில் 1.6. மேடு தட்டும்வரை ஓட்டலாம் என்பது காய்ந்த ரோட்டுக்கு ஓரளவு செல்லும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த பிறகு அந்தப் பள்ளத்தால் தண்ணீரை வெளியேற்ற முடியாது. இன்னொரு பொறியும் இருக்கிறது: பல டயர்களில் நடுக்கோட்டில் பள்ளமே இருக்காது. பக்கத்துப் பள்ளத்தின் மேடு இன்னும் ஆழத்தில் இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்போம், நடுவில் ரப்பர் அதற்குள் மெலிந்திருக்கும். நடுவில் நூல் தெரிந்த பின் டயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அந்த நிலைக்குப் போகின்றன.

நீண்ட பயணத்துக்கு முன் இந்தக் கணக்கு இன்னும் உதவும். 2.5 மி.மீ. வைத்துக்கொண்டு 3,000 கி.மீ. கிளம்பினால் திரும்பி வரும்போது 1 மி.மீ. இருக்கும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். 190/50 அளவு டயர் வழியோரக் கடையில் கிடைக்காது. கிளம்பும் முன்பே மாற்றிவிடுவதுதான் செலவு குறைவு.

சதுரமான பிறகும் ஓட்டுவது

ஆழம் மிச்சமிருக்கும்போதே டயரின் உருவம் போய்விடும். நேர்ரோட்டில் நடுப்பகுதி மட்டும் தேயத் தேய, வட்டமாக இருந்த முதுகு தட்டையாகிறது. ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்க்கலாம். புது டயரில் அது ஒரு புள்ளியில் நின்று இரண்டு பக்கமும் ஆடும். தட்டையான டயரில் ஐந்தாறு செ.மீ. அகலத்துக்கு ஒட்டி உட்காரும். அந்தத் தட்டையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினால் ஒரு வரப்பு தட்டுப்படும். வண்டியைச் சாய்க்கும்போது முதலில் எதிர்ப்பதும், பிறகு திடீரென்று உள்ளே விழுவதும் அந்த வரப்பின் வேலைதான். சஸ்பென்ஷனைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தட்டையாவதைத் தள்ளிப்போட ஒரே உண்மையான வழி வேகத்தைக் குறைப்பது. 80-லிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிறது. அந்தத் தள்ளுவிசை முழுவதும் பின் டயரின் நடுவில் இருக்கும் உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. 2018-ல் மத்திய அரசு நான்குவழிச் சாலையில் பைக்குக்கு 80 கி.மீ. என்று வைத்த வரம்பு டயருக்கும் நல்லது என்பது யாரும் கேட்க விரும்பாத செய்தி.

தவறான வகை, தவறான அளவு

ஒரே பெயரில் இரண்டு டயர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரோடு 6-க்கு ஜிடி என்று ஒரு வகை இருக்கிறது, பிரிட்ஜ்ஸ்டோன் டி32-க்கும் அப்படியே. ஏஞ்சல் ஜிடி 2-ல் ‘ஏ’ என்ற எழுத்து, ரோட்டெக் 01-ல் எச்டபிள்யூஎம். இவை கனமான பைக்குக்காக கேசிங்கைக் கெட்டிப்படுத்தியவை. பெட்டியும் ஆளுமாகப் போகும் பெரிய டூரருக்குச் சாதாரண வகையைப் போட்டால் அது சீக்கிரம் துவண்டுவிடும். இலகுவான பைக்கில் ஜிடி வகை மரக்கட்டையாக ஓடும். பில் போடும் முன் லேபிளிலும் சைடு வாலிலும் அந்த எழுத்தைப் பாருங்கள்.

190/50-க்குப் பதில் 190/55 போடும் பழக்கமும் உண்டு (190 என்பது மி.மீ.யில் அகலம்; 50, 55 என்பது சைடு வாலின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது). வளைவில் சாய்ப்பது சுலபமாகும் என்பது உண்மை. ஆனால் சக்கரத்தின் விட்டம் 19 மி.மீ. கூடுகிறது, பின்பக்கம் உயர்கிறது, சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் முன் பின் சக்கர வேகத்தை ஒப்பிடும் கணக்கு மாறுகிறது. டயருக்கும் செயினுக்கும் இடையே, டயருக்கும் ஹக்கருக்கும் (பின் சக்கரத்தை ஒட்டிய சின்ன மட்கார்டு) இடையே இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் போடக் கூடாது.

கடையில் நடப்பவை

மாட்டும்போது சைடு வாலில் இருக்கும் அம்புக்குறி சுழலும் திசையில் இருக்க வேண்டும். முன் டயரின் பட்டன் ஒரு பக்கமும் பின் டயரின் பட்டன் எதிர்ப்பக்கமும் பார்ப்பது மாதிரி இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பி மாற்றி மாட்டும் கடைகள் உண்டு. வால்வை டயரோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். பேலன்சிங் பின் சக்கரத்துக்கும் வேண்டும். கடைசியில் செயின் அலைன்மென்ட்: ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாமல் ஸ்ப்ராக்கெட் வழியே செயின் நேராக ஓடுகிறதா என்று பின்னால் குனிந்து பார்க்க வேண்டும்.

புது டயரின் முதல் 100 கி.மீ. நிதானமாகப் போக வேண்டும். வாட்டர் வாஷ் கொடுத்த பிறகு பளபளப்புக்காக டயர் பாலிஷ் அடிப்பவர்களிடம் பட்டன் பக்கம் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

பஞ்சரில், நடுப்பகுதியில் 6 மி.மீ.க்குள் ஓட்டை என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் போடலாம். வெளியிலிருந்து செருகும் ஸ்ட்ரிப் வீடு வந்து சேர்வதற்கு மட்டும். சைடு வாலிலும் ஓரத்திலும் ஆணி ஏறினால் எத்தனை மி.மீ. பட்டன் இருந்தாலும் அந்த டயர் முடிந்தது.

தள்ளுபடியில் வரும் டயரில், சைடு வாலில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்காமல் வாங்காதீர்கள். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு தடவை கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்கிறது மிஷெலின், பத்து வருடத்தில் பட்டன் இருந்தாலும் தூக்கிப்போடச் சொல்கிறது. வருடத்துக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து சாவதைவிட ரப்பர் இறுகிச் சாவதே அதிகம். சைடு வாலை விரலால் அழுத்தி விரித்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியும். தெரிந்தால் ஆழத்தை அளக்க வேண்டிய வேலை இல்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.