பெரியவர்களின் கழுத்தில் நீர்க்கட்டி: கண்டறியும் முறை

கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சியதும் மஞ்சள் நீர் வந்துவிட்டால், பார்க்கும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒருசேர நிம்மதி வந்துவிடுகிறது. குழந்தைகளிடம் அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் 40 வயதைத் தாண்டியவரின் கழுத்துப் பக்கவாட்டில் புதிதாகத் தோன்றும் நீர்க்கட்டியை, வேறெனத் தெளிவாக நிறுவும் வரை, புற்றுநோய் பரவிய நெறிக்கட்டியாகவே கருதி அணுக வேண்டும். டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸால் உண்டாகும் புற்றும், தைராய்டின் பாப்பில்லரி வகைப் புற்றும் நெறிக்கட்டிக்குப் பரவும்போது, அதன் நடுப்பகுதி கரைந்து நீராகிவிடுவதுண்டு. மூலக் கட்டி மிகச் சிறியதாக, தொண்டையில் எந்தத் தொந்தரவும் தராமல் ஒளிந்திருக்கலாம். புகைப்பழக்கம் இல்லை என்பதும் இங்கே ஆறுதல் அல்ல.

கட்டி தோன்றி எத்தனை நாளாயிற்று என்பதே முதல் கேள்வி. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கட்டி, 1.5 செ.மீ.க்குப் பெரிய கட்டி, கெட்டியான அல்லது அசையாத கட்டி ஆகியவை எச்சரிக்கைக்குரியவை. குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம், காது நன்றாக இருந்தும் ஒரே பக்கம் காதுவலி, எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; இவற்றில் கடைசி இரண்டும் காசநோயையும் நினைவூட்டுபவை. சிவப்பு, சூடு, வலி போன்ற தொற்றின் அடையாளம் எதுவும் இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்ப்பது காலத்தை வீணாக்கும்.

அடுத்தது இடம். நடுக்கோட்டில் உள்ள கட்டி என்றால், நோயாளியை உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்கச் சொல்லிக் கட்டியின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து, தாடையை அசைக்காமல், நாக்கை மட்டும் வெளியே நீட்டச் சொல்ல வேண்டும். இரண்டின்போதும் மேலேறுவது பெரும்பாலும் தைரோகிளாசல் நீர்க்கட்டி, அதாவது கருவில் தைராய்டு நாக்கின் அடிப்பகுதியிலிருந்து கழுத்துக்கு இறங்கிய பாதையின் எச்சத்தில் உண்டாவது. விழுங்கும்போது மட்டும் ஏறுவது தைராய்டில் உள்ள கட்டி. டெர்மாய்டு (தோல் திசு உள்ளே சிக்கி உண்டாகும் பிறவிக் கட்டி) பொதுவாக இரண்டுக்கும் அசையாது. தாடையைப் பிடித்துக்கொள்ளாமல் சோதித்தால், வாய் திறக்கும் அசைவையே கட்டியின் அசைவு என்று நம்பி ஏமாறுவோம்.

பக்கவாட்டில், காதின் பின்புறமிருந்து மார்பெலும்பு நோக்கி இறங்கும் தசையின் முன்விளிம்பில், அதன் மேற்பகுதியை ஒட்டி வருவது பிராங்கியல் நீர்க்கட்டியின் (கருவில் கழுத்து உருவானபோது எஞ்சிய திசுவில் உண்டாவது) வழக்கமான இடம். சளிக்குப் பிறகு திடீரென வீங்குவதும், இளைஞர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும் அதன் இயல்பு. பரவிய புற்றும் அதே இடத்தில்தான் வரும் என்பதே சிக்கல். பக்கவாட்டில் நகர்ந்து, மேலும் கீழும் நகராமல், துடிக்கும் கட்டியில் ஸ்கேன் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. அது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியை ஒட்டிய கட்டியாக இருக்கலாம்.

தொண்டையைப் பார்க்காமல் கழுத்துப் பரிசோதனை முடிவதில்லை. டான்சிலையும் நாக்கின் அடிப்பகுதியையும் விரலால் தடவிப் பார்ப்பதோடு, மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பும் போட வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் சுவரின் தடிப்பு, உள்ளே கெட்டியான பகுதி, தைராய்டின் நிலை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவை என்றால், ஊசியால் கட்டி சுருங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. எஃப்.என்.ஏ.சி.யில் (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிச் சோதிப்பதில்) பலர் தவறுவது இங்கேதான்: நீரை மட்டும் உறிஞ்சி அனுப்பினால் செல்கள் போதாது. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, ஊசிமுனையைச் சுவரின் தடித்த பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். நீர் வடிந்தபின் எஞ்சும் கெட்டிப் பகுதியிலும் எடுக்க வேண்டும். தைராய்டு பரவலைச் சந்தேகித்தால் ஊசியைக் கழுவிய நீரில் தைராய்டு செல்கள் சுரக்கும் புரதமான தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று பார்க்கலாம். தொண்டைப் புற்றைச் சந்தேகித்தால் எச்.பி.வி. தொடர்பைச் சுட்டும் பி16 புரதச் சோதனையும், காசநோய்க்குக் கிருமியின் ஜீன் சோதனையும் கல்ச்சரும் (கிருமி வளர்ப்பு) கேட்கலாம். ‘புற்றுச் செல்கள் இல்லை’ என்ற முடிவு வந்தாலும், சந்தேகம் தீராவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும்.

அப்படியும் விடை கிடைக்காதபோது கட்டியைக் கீறித் துண்டு எடுப்பது தவறு. மயக்க நிலையில் தொண்டை முழுவதையும் ஆராய்ந்து, சந்தேகமான இடங்களில் பயாப்ஸி எடுத்தபின், கட்டியை உடையாமல் முழுதாக அகற்ற வேண்டும். தைரோகிளாசல் கட்டி என்றால், அறுவைக்கு முன் தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்வது கட்டாயம். சிலருக்கு அந்தக் கட்டியில் இருப்பதே உடலின் ஒரே தைராய்டு.