பிரதமரின் அதிகாரம்: விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் விடைத்தாள்களைத் திருத்துவது என் பிழைப்பு. "இந்தியப் பிரதமரின் அதிகாரங்களையும் வரம்புகளையும் விவரி" என்ற கேள்வி எந்த மாதிரித் தேர்விலும் தப்பாது. கட்டைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே என்னென்ன தப்பு இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

பிரதமரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் முதலில் பள்ளிப் பாடநூலை எடுத்துப் படிக்கட்டும். இந்தக் கட்டுரை நன்றாகப் படித்தவர்களுக்கானது. அரசியலமைப்பின் 74, 75, 78 என்று பிரிவு எண்களைப் பிசகாமல் எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே கோட்டை விடுகிறவர்களுக்கு.

பிரதமரும் அமைச்சரவையும் ஒன்றுதான் என்று எழுதுவது

இத்தனை தாள் திருத்திய பிறகும் இது ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "பிரதமர் ஆளுநர்களை நியமிக்கிறார்." "பிரதமர் அவசரச் சட்டம் பிறப்பிக்கிறார்." "பிரதமர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம்." ஏனப்பா இப்படி என்று கேட்டால், "எப்படியும் அவர் சொல்றதுதானே சார் நடக்கும்?" என்று பதில் வரும்.

பல நேரம் அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி வரம்புகளையும் கேட்கிறது. பிரதமர் ஒன்றை விரும்புவதற்கும் அது அரசின் முடிவாக ஆவதற்கும் இடையில் சில படிகள் இருக்கின்றன. வரம்பு என்பதே அந்தப் படிகள்தான். அவற்றை அழித்துவிட்டு எழுதினால் விடையில் பாதி தானாகவே காணாமல் போகும்.

1975 ஜூன் 25 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12-ல் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 24-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதற்கு நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக நீடிக்கலாம், அவையில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுக்கு இந்திராவிடமிருந்து ஒரு கடிதம் போகிறது. உள்நாட்டுக் குழப்பத்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து, உடனே நெருக்கடி நிலை வேண்டும் என்பது சாரம். பலரும் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கடிதத்தின் பிற்பகுதிதான் நமக்கு வேண்டியது. இதைக் கேபினட்டுக்குக் கொண்டுபோக விரும்பினேன், இன்றிரவு முடியவில்லை, ஆகவே 1961-ஆம் ஆண்டின் மத்திய அரசு அலுவல் நடத்தை விதிகளில் 12-வது விதி எனக்குத் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி விதிகளிலிருந்து விலகிச் செல்கிறேன், நாளைக் காலை முதல் வேலையாகக் கேபினட்டில் சொல்லிவிடுவேன் என்கிறார்.

குடியரசுத் தலைவர் அன்றிரவே கையெழுத்துப் போட்டார். கேபினட் கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அதற்குள் கைதாகிவிட்டார்கள், டெல்லியின் பல நாளிதழ் அச்சகங்களில் மின்சாரம் இல்லை. அமைச்சர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். நடந்து முடிந்த காரியத்துக்கு ஒப்புதல் கொடுப்பதைத் தவிர அந்த அறையில் வேறு வேலை இருக்கவில்லை.

74-வது பிரிவு சொல்வது அமைச்சரவையின் ஆலோசனையை. அன்று போனது ஒருவரின் ஆலோசனை. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதும் மாணவர், தன்னை அறியாமல் அந்த ஜூன் இரவுக்கு வக்காலத்து வாங்குகிறார். பின்னால் வந்த ஜனதா அரசுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது. 1978-ல் கொண்டுவந்த 44-வது திருத்தம் 352-வது பிரிவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: நெருக்கடி நிலை வேண்டும் என்ற கேபினட்டின் முடிவு எழுத்துமூலம் வந்தால் ஒழிய குடியரசுத் தலைவர் அதை அறிவிக்கக் கூடாது. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்ததுதான்.

போன மாதம் ஒரு தாள். 44-வது திருத்தம் பற்றிய கேள்விக்கு இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தார், முழு மதிப்பெண். நாலு பக்கம் தள்ளி பிரதமர் கேள்வி. முதல் வரியே, "பிரதமர் நெருக்கடி நிலையை அறிவிக்கும் அதிகாரம் பெற்றவர்." அதே கை, அதே பேனா. சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, அவருடைய பழைய பக்கத்துக்கே அம்புக்குறி இட்டு அனுப்பினேன்.

12-வது விதி செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2019 நவம்பர் 23 அதிகாலை 5.47-க்கு மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது, சற்று நேரத்தில் தேவேந்திர பட்னாவிஸ் முதல்வராகப் பதவியேற்றார். கேபினட் கூடவில்லை, 12-வது விதிதான். 352-க்குப் போட்ட எழுத்துமூலப் பூட்டு, மாநிலங்களில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356-க்கு இல்லை. (அந்த அரசு நான்காம் நாளே முடிந்துபோனது வேறு கதை.)

சரி, பிரதமர் தனியாகச் செய்யக்கூடியது என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது. யார் அமைச்சர், யாருக்கு எந்த இலாகா, யாரை நீக்குவது என்பதில் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டியது பிரதமர் ஒருவரின் ஆலோசனையை. 75(1) அப்படித்தான் சொல்கிறது, அமைச்சரவை என்று சொல்லவில்லை. அவர் ராஜினாமா செய்தால் மொத்த அமைச்சரவையும் போய்விடும். கேபினட் கூட்டத்தில் எது விவாதத்துக்கு வரும், எது வராது என்பதும் அவர் கையில். இவற்றைத் தனியாக எழுதுங்கள். மற்றதற்கெல்லாம் "பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர்" என்று எழுதப் பழகுங்கள். நீளம்தான், கை வலிக்கும், பரவாயில்லை.

இந்த தனி அதிகாரத்துக்கும் விலை உண்டு. 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் துணைப் பிரதமர் தேவிலாலை நீக்கினார். சட்டப்படி கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் கட்சிக்குள் விழுந்த விரிசல் மூடவே இல்லை, நவம்பரில் அவரே வீட்டுக்குப் போனார். 2003-க்குப் பிறகு எண்ணிக்கையிலும் வரம்பு வந்துவிட்டது: 91-வது திருத்தப்படி, பிரதமரையும் சேர்த்து, மக்களவை பலத்தில் 15 சதவீதம். 543 பேர் கொண்ட அவையில் 81 பேருக்கு மேல் போக முடியாது.

மக்களவையைக் கலைப்பது பிரதமரின் உரிமை என்பது

பெரும்பான்மை கையில் இருக்கும்வரை, கேபினட் கேட்டால் கலைப்பு நடந்துவிடும். சிக்கல் பெரும்பான்மை இல்லாத பிரதமரிடம். 1979 ஜூலை 28-ல் பதவியேற்ற சரண் சிங், காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டதால் ஆகஸ்ட் 20-ல் ராஜினாமா செய்தார். பிரதமராக ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்கவில்லை. அப்படிப்பட்ட அரசு கலைக்கச் சொன்னதைக் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி ஏற்றுக்கொண்டார், எனக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று ஜனதா கட்சியின் ஜெகஜீவன் ராம் கேட்டுக்கொண்டிருந்தபோதே. ரெட்டி செய்தது சரியா என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. உங்கள் விடையில் இரண்டும் வர வேண்டும். எனக்கு அது தவறாகத்தான் படுகிறது: அவையை ஒருமுறைகூடச் சந்திக்காதவர், அந்த அவையின் ஆயுளை முடிக்கச் சொல்வது எந்த நியாயம்?

மாநில அரசைப் பிரதமர் கலைக்கலாம் என்பது

தமிழ்நாட்டு மாணவர்களே இதில் தடுமாறுவதுதான் வருத்தம், உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. 1991 ஜனவரி 30-ல் திமுக அரசு கலைக்கப்பட்டது. பிரதமர் சந்திரசேகர், சொந்தக் கட்சியில் அறுபது சொச்சம் எம்.பி.க்களோடு காங்கிரஸ் தயவில் இருந்தவர். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். 356-வது பிரிவில் ஆளுநரின் அறிக்கை "அல்லது வேறு வகையில்" என்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். ஆளுநர் மறுத்தும் பிரதமரால் முடிந்தது என்பது அதிகாரக் கணக்கில் வரும். ஆனால் அந்தப் பிரதமர் யாருடைய நெருக்குதலுக்குப் பணிந்தார் என்பது வரம்புக் கணக்கில் வரும்.

இதற்கு நேர் எதிர் 1997 அக்டோபர். உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்கச் சொல்லி ஐ.கே. குஜ்ரால் கேபினட் பரிந்துரைத்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அதே பரிந்துரையை மறுபடி அனுப்பியிருந்தால் அவர் ஏற்றாக வேண்டும். கேபினட் அனுப்பவில்லை. நடுவில் 1994-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு, 356 நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்று சொல்லியிருந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

பிரதமர் மக்களவை உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பது

இல்லை. மன்மோகன் சிங், பத்து ஆண்டு, மாநிலங்களவை.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் கவிழ்ந்த மத்திய அரசுகள் என்று பட்டியல் போடுவது

ஒன்றுகூடக் கிடையாது. வி.பி. சிங் (1990), தேவகவுடா (1997), வாஜ்பாய் (1999) மூவரும் தோற்றது தாங்களே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்தில். அதிமுக ஆதரவை விலக்கியபின் வாஜ்பாய் தோற்றது ஒரே ஓட்டில், 269-க்கு 270.

பெரும்பான்மை இருந்தால் எதுவும் முடியும் என்பது

ராஜீவ் காந்திக்கு மக்களவையில் 400-க்கும் மேல். அவருடைய பஞ்சாயத்து ராஜ் திருத்த மசோதா 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் விழுந்தது.

அறிவிப்பைச் சட்டமாக எண்ணிக்கொள்வது

"2021 நவம்பர் 19-ல் பிரதமர் மூன்று வேளாண் சட்டங்களை ரத்து செய்தார்" என்று எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். அன்று நரேந்திர மோடி தொலைக்காட்சியில் சொன்னது, ரத்து செய்யப்போகிறோம் என்று. கேபினட் ஒப்புதல் கொடுத்தது 24-ல். ரத்து மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது 29-ல், விவாதமே இல்லாமல். குடியரசுத் தலைவரின் கையெழுத்து 30-ல். நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் அந்த ஜனவரியிலேயே இடைக்காலத் தடை போட்டிருந்தாலும், அந்தக் கையெழுத்து விழும்வரை மூன்றும் சட்டப் புத்தகத்தில்தான் இருந்தன.