மொட்டை மாடியில் பார்பிக்யூவா?

மே விடுமுறைக்கு நண்பர்கள் சென்னை வருகிறார்களா? சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் அடுப்பை வையுங்கள். கடல்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வரும். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் புகை கண்ணில் படாது. விருந்தாளிகளுக்கு மேற்கே நாற்காலி போட்டுவிடாதீர்கள், பாவம்!

கரி பற்றியதுமே சிக்கனைப் போட அவசரப்பட வேண்டாம். அரை மணி நேரம் போகட்டும். கங்கின்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்தபிறகு வைத்தால்தான் வெளியே கருகாமல் உள்ளேயும் வேகும். தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் தடவிய கறி அதுவரை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். இந்தச் சூட்டுக்கு வெளியே தாங்காது. எலும்போரம் குத்திப் பாருங்கள், சிவப்பாக நீர் கசிந்தால் இன்னும் வேக வேண்டும்.

அப்புறம், சைவக்காரர்கள் இருந்தால் பன்னீர், அன்னாசியை முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள். கறி பட்ட கம்பியில் சுட்டதைத் தொடமாட்டார்கள்.