குழந்தைகள் பேத்தாலஜி பழகுகிறீர்களா? முதலில் வயதைக் கேளுங்கள்

ரெக்வெஸ்ட் ஃபார்மில் "1/பெண், ஈரல் பயாப்ஸி" என்று மட்டும் எழுதி வரும். ஒரு வயதா, ஒரு மாதமா, ஒரு நாளா? பெரியவர்களின் ஸ்லைடுகளையே பார்த்துப் பழகிய பிஜி மாணவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றாது, நேராக மைக்ராஸ்கோப்பில் வைத்துவிடுவார். ஈரலுக்குள்ளே ரத்த அணுக்கள் உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். பிறந்து ஒரு நாள் என்றால் அது இயல்பு. ஒரு வயது என்றால் ஏன் என்று தேட வேண்டும். ஸ்லைடு ஒன்றுதான், பதில் இரண்டு. வார்டுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், ஆனால் அந்த ஒரு போனைப் போட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை என்று எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது, எல்லாரும் தலையாட்டுகிறோம், அதோடு சரி. இத்தனை வருடத்தில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அபூர்வ நோயைக் கோட்டைவிட்டதால் வந்தவை இல்லை, அந்த வயதில் எது இயல்பு என்று தெரியாததால் வந்தவை.

இது பிஜி மாணவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம், ஒரு காலத்தில் மருத்துவ உலகமே செய்தது. 1889-ல் வியன்னாவில் பால்டாஃப் என்ற மருத்துவர், திடீரென்று இறந்த குழந்தைகளுக்கு தைமஸ் (நெஞ்சுக்குள் இருக்கும் நோய் எதிர்ப்பு உறுப்பு) பெரிதாக இருப்பதைப் பார்த்து அதை ஒரு உடல்வாகுக் கோளாறு என்று எழுதினார். அப்போது பிரேதப் பரிசோதனைக்கு வந்ததில் பெரும்பாலானவை நோயில் நாள்பட வாடி இறந்த குழந்தைகள். நோய் வந்தால் தைமஸ் சில நாட்களிலேயே சுருங்கிவிடும். சுருங்கியதைப் பார்த்துப் பார்த்து அதுவே இயல்பு என்று கண் பழகிவிட்டது, கொழுகொழுவென்று இருந்து திடீரென இறந்த குழந்தையின் சாதாரண தைமஸ் நோயாகத் தெரிந்தது. 1907-லிருந்து அதைச் சுருக்குவதற்கு எக்ஸ்ரே கதிர்வீச்சு கொடுக்க ஆரம்பித்தார்கள், பல்லாயிரம் குழந்தைகளுக்கு. சிறுவயதில் தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பலர் அப்படிக் கதிர்வீச்சு வாங்கியவர்கள் என்று 1950-ல்தான் எழுத்தில் வந்தது.

அதனால் சொல்கிறேன், அட்லஸில் இருக்கும் அதிசயக் கட்டிகளை மனப்பாடம் செய்வதற்கு முன், வயதுவாரியாக இயல்பான ஸ்லைடுகள் ஒரு பெட்டி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி) உடம்பின் அளவுக்கு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர் அதை வீக்கம் என்று எழுத மாட்டார். பிறந்த குழந்தையின் ஈரலில் தாமிரம் இயல்பாகவே அதிகம், தாமிரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆர்சீன் சாயத்தில் பழுப்புத் துகள்கள் தெரிந்தவுடன் வில்சன் நோய் (உடம்பில் தாமிரம் சேரும் பரம்பரை நோய்) என்று தாவிவிடாதீர்கள். (ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலோடு சேர்த்துப் பேசப்பட்ட அந்தப் பழைய இந்தியக் குழந்தை சிரோசிஸ் என்ற ஈரல் சுருக்க நோய் இப்போது கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. பெட்டியில் அதன் ஸ்லைடு இருந்தால் பத்திரமாக வையுங்கள்.) எலும்புமஜ்ஜையில் ஹீமட்டோகோன் என்ற இளம் பி-செல்கள் குழந்தைகளுக்கு நிறையவே இருக்கும், கீமோ முடிந்து மஜ்ஜை மீண்டு வரும்போது இன்னும் கூடும். லுக்கீமியா செல்களில் தேடும் அடையாளப் புரதங்கள் அவற்றிலும் உண்டு: சி.டி.10 பாசிட்டிவ், டி.டி.டி. பாசிட்டிவ். லுக்கீமியா திரும்பிவிட்டது என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஹீமட்டோகோன்கள் படிப்படியாக முதிர்வது தெரியும், லுக்கீமியா செல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும்.

இனி, எனக்கு அதிகம் தூக்கம் கெட்ட விஷயம்: ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்கான (குடலின் கடைசிப் பகுதியில் கேங்கிளியான் செல் என்ற நரம்பு செல்களே இல்லாத பிறவிக் கோளாறு) மலக்குடல் பயாப்ஸி. பிறந்து நான்கு நாளாகியும் மலம் போகாத குழந்தை, வயிறு உப்பியிருக்கிறது, சர்ஜன் ஒரு சின்னத் துணுக்கை அனுப்பிவிட்டு "கேங்கிளியான் செல் இருக்கா இல்லையா" என்று கேட்கிறார். இருக்கிறது என்று சொல்ல ஒரு செல் போதும். இல்லை என்று சொல்ல பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) முழுவதையும் வெட்டிப் பார்த்தாக வேண்டும். ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதுவதுதான் முதல் தவறு. இரண்டாவது, துணுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடுவது. டென்டேட் கோட்டுக்கு (ஆசனவாயும் மலக்குடலும் சேரும் கோடு) மேலே குறைந்தது 2 செ.மீ. தள்ளி எடுத்திருக்க வேண்டும், அதற்குக் கீழே நல்ல குழந்தைக்கும் இந்தச் செல்கள் குறைவுதான். ஸ்லைடின் ஓரத்தில் ஆசனவாய்ப் பக்கத்து ஸ்குவாமஸ் (தட்டையான) செல் அடுக்கு தெரிகிறதா? அப்படியென்றால் மிகவும் கீழே எடுத்துவிட்டார்கள். இந்தச் செல்களைத் தேட வேண்டிய சப்மியூகோஸா (குடலின் உட்சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்கு) போதுமான அளவு இல்லையா? அப்போது "திசு போதவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று எழுதுங்கள், அது முழுமையான ரிப்போர்ட்தான். சர்ஜன் முணுமுணுப்பார், பரவாயில்லை.

மூன்றாவது தவறு கண்ணில் இருக்கிறது. பெரியவர்களின் கேங்கிளியான் செல் பெரிசாக, உட்கருவின் நடுவில் நியூக்ளியோலஸ் என்ற புள்ளியோடு முழித்துக்கொண்டு நிற்கும். பச்சைக் குழந்தைக்கு அது சின்னது, நியூக்ளியோலஸ் சரியாகத் தெரியாது, பிளாஸ்மா செல் மாதிரியோ ரத்தக்குழாய் உட்சுவர் செல் மாதிரியோ நாலைந்தாகக் கூடி ஒட்டிக்கிடக்கும். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இல்லை என்று எழுதுபவர்கள் உண்டு, நானும் ஒரு தடவை எழுதப்போய், சீனியர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று "அந்த மூலைல இருக்கறது என்னம்மா?" என்று கேட்டதால் தப்பினேன். நரம்பைக் காட்டும் கால்ரெடினின் சாயம் இங்கே பெரிய உதவி: மியூகோஸாவில் (உட்சவ்வில்) மெல்லிய நரம்பு இழைகள் சாயம் ஏறித் தெரிந்தால் குடல் பெரும்பாலும் சரி.

கட்டிகளுக்கு வந்தால், நியூரோபிளாஸ்டோமாவில் (இளம் நரம்பு செல்களிலிருந்து வரும் கட்டி) வயது இல்லாமல் ரிப்போர்ட்டே எழுத முடியாது. முதிர்ச்சி குறைந்த வகை, எம்.கே.ஐ. (பிளவுபடும் செல்கள், உட்கரு சிதையும் செல்கள் இவற்றின் எண்ணிக்கை) குறைவு என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒரு வயது என்றால் சாதகமான ரகம், மூன்று வயது என்றால் பாதகமான ரகம். கோடு 18 மாதத்தில் விழுகிறது, அடுத்த கோடு 5 வயதில். எம்.கே.ஐ. என்பது 5000 செல்லுக்கு இத்தனை என்ற கணக்கு. நாலு இடத்தைப் பார்த்துவிட்டு "கம்மியா இருக்கு" என்று அடிப்பது கணக்கில் சேராது. கீமோ கொடுத்த பிறகு எடுத்த கட்டிக்கு இந்த வகைப்பாட்டைப் போடவே கூடாது.

நீலநிற உருண்டைச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்து சி.டி.99 என்ற அடையாளப் புரதம் பாசிட்டிவ் வந்தவுடன் ஈவிங் சார்கோமா (எலும்பிலும் மென்திசுவிலும் வரும் புற்றுநோய்) என்று எழுதிவிடுவது அடுத்த பொறி. லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவிலும் (இளம் வெள்ளணுக்களின் புற்றுநோய்) அது பாசிட்டிவ் ஆகும், போதாத குறைக்கு வெள்ளணுக்களின் பொது அடையாளமான எல்.சி.ஏ. சில சமயம் நெகட்டிவாக வந்து ஏமாற்றும். டி.டி.டி. போடாமல் முடிக்காதீர்கள். இரண்டுக்கும் மருந்தும் வேறு, மருத்துவமும் வேறு. அதோடு, வந்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு அப்புறம் மரபணுச் சோதனைக்கு எங்கே போவது? ஒரு துண்டையாவது ஃபார்மலின் படாமல் எடுத்து வைக்கச் சொல்லி சர்ஜனிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

வில்ம்ஸ் கட்டி (குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்) உள்ள சிறுநீரகத்தை தியேட்டரிலேயே இரண்டாகப் பிளந்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்பும் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளி ஓரத்தை அடையாளம் காண மை பூசுவதற்கு முன் வெட்டினால் கட்டி ஓரத்தைத் தாண்டியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நம் பக்கத் தவறும் ஒன்று உண்டு, பெரியவர்களின் சிறுநீரகத்தில் செய்வதுபோல் கேப்ஸ்யூலை (சிறுநீரகத்தின் மேலுறையை) உரித்துவிடுவது. உரிக்காதீர்கள், ஸ்டேஜ் அங்கேதான் இருக்கிறது. கட்டியின் அதிகபட்ச நீளத்தில் செ.மீ.க்கு ஒரு பிளாக்காவது எடுங்கள். முதலில் ஆபரேஷனா, முதலில் கீமோவா என்பதையும் ரிப்போர்ட்டில் குறியுங்கள், அமெரிக்க முறையும் ஐரோப்பிய முறையும் அதில் வேறு வேறு.

நஞ்சுக்கொடியை வாளியில் வரும் கழிவு மாதிரி நடத்துவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தொப்புள்கொடியையும் உறையையும் நீக்கிய பிறகுதான் எடை போட வேண்டும், அப்படியே தூக்கித் தராசில் வைத்தால் அந்த எண்ணை எந்த அட்டவணையோடும் ஒப்பிட முடியாது. காத்திருக்க வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். நஞ்சுக்கொடிப் பரிசோதனை பற்றி நிபுணர்கள் ஒத்துக்கொண்ட 2014 ஆம்ஸ்டர்டாம் பரிந்துரைப்படி தொப்புள்கொடி, சுருட்டி வெட்டிய உறை, அதோடு நஞ்சுக்கொடியில் நல்லதாகத் தெரியும் இடத்திலிருந்து முழுத் தடிமனில் மூன்று துண்டுகள் குறைந்தபட்சம்.

வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தையின் பரிசோதனையில் பலரும் மறப்பது பாதத்தின் நீளம். தோல் உரிந்து உடல் தளர்ந்துபோன குழந்தைக்கு எடையை நம்ப முடியாது, உச்சி முதல் குதிகால் வரையான நீளமும் மாறியிருக்கும், பாதம் அவ்வளவாக மாறாது, வாரத்தைக் கணிக்க அதுதான் கைகொடுக்கும். குதிகாலிலிருந்து நீளமான விரலின் நுனி வரை, மில்லிமீட்டரில். மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை எழுதிவிடுங்கள், எத்தனை வாரத்தில் போனது என்றுதான் அந்தத் தாய் முதலில் கேட்பார்.